நாடகம் என்னும் பள்ளிக்கூடம்

சென்னைப் பட்டணத்தில் கோபாலபுரத்தை ஒட்டிச் செல்லும் சாலை ஒன்றுக்கு முன்னாளில் லாயிட்ஸ் சாலை என்று பெயர். இன்று அது ஔவை சண்முகம் சாலை. காட்டாங்குளத்தூரில் நம்மிடம் படிக்கும் பிள்ளைகளிடம் அப்பெயரைச் சொன்னால், 1996-இல் வெளிவந்த 'அவ்வை சண்முகி' படத்தை நினைத்துச் சிரிக்கிறார்கள். அப்படத்தின் பெயருக்கு மூலமாயிருந்த மனிதரை அவர்கள் அறியார்கள். அவசியம் அறிய வேண்டியவர் என்பது நமது அபிப்பிராயம்.

தி. க. சண்முகம் 1912-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் நடிகரே. 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பால சபையில் சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. மற்றப் பிள்ளைகள் அரிச்சுவடியைப் பிடிக்கும் பருவத்தில், அவர் மேடையேறி வசனமும் பாட்டும் ஒப்பித்தார். அச்சிறுவனின் திறமையைக் கண்ட சுவாமிகள், அவனுக்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தாராம். 1922-இல் சுவாமிகள் மறைந்தார். 1925-இல் சகோதரர்கள் சொந்தமாகவே நாடக சபை கண்டனர். டி. கே. எஸ். சகோதரர்கள் என்ற பெயர் தமிழ்நாடெங்கும் பரவியது.

வெறும் பிழைப்புக்காக நடித்தவர்கள் அல்லர் அவர்கள். வெ. சாமிநாத சர்மாவின் 'பாணபுரத்து வீரன்' என்ற நாடகத்தை, அந்நிய ஆட்சி நடந்த 1931-இல், 'தேசபக்தி' என்று பெயர் மாற்றித் துணிந்து நடித்தனர். 1935-இல் 'மேனகா' மூலம் பேசும் படத்திலும் புகுந்தனர். ஆயினும் மேடையைக் கைவிடவில்லை.

1942-இல் 'ஔவையார்' நாடகம் அரங்கேறியது. முப்பது வயது ஆண்மகன் தொண்டு கிழவியாக வேண்டும். பொக்கை வாய்ப் பேச்சு இயல்பாக அமையும்பொருட்டு அவர் தம் பற்களையே எடுத்துவிட்டார் என்று நாடக உலகில் இன்றும் சொல்வார்கள். 'ஔவை' என்ற அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1961-இல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சுப்பிரமணிய சிவாவாகத் தோன்றியவரும் இவரே. 1971-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 'எனது நாடக வாழ்க்கை' என்ற அரிய நூலை நமக்கு விட்டு, 1973-இல் மறைந்தார்.

இக்கதையை நாம் இங்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு, பள்ளி விழா நாடகத்தில் ஔவை வேஷத்துக்கு ஒரு மாணவனைத் தேர்ந்தோம். மறுநாளே அவன் தகப்பனார் வந்துவிட்டார். தினந்தோறும் மின்சார ரயிலில் பட்டணம் போய் உழைத்து வரும் மனிதர்.

"பத்தாவது படிக்கிற பிள்ளை, ஸார். நாடகம் கீடகம் என்று போனால் படிப்பு என்னத்துக்கு ஆகும்? அதிலும் கிழவி வேஷமா?" என்றார்.

அவர் கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. அவர் கேள்வியில் நியாயமும் இருந்தது. பால சபைகளில் வளர்ந்த பிள்ளைகள் பெற்ற வித்தைக்குக் கொடுத்த விலை சொற்பமன்று: விடிய விடியக் கண்விழிப்பு, ஊர் ஊராகப் பயணம், வாத்தியாரின் பிரம்பு. ஆறு வயதுக் குழந்தையை அவ்வழியில் அனுப்ப இன்று எந்தப் பெற்றோரும் இசையார், இசையவும் கூடாது. ஆனால் நம் மாணவனிடம் கேட்டது மாலையில் ஒரு மணி நேரம். அதுவும் மூன்று வாரத்துக்குத்தான். அதைச் சொன்னோம். ஒத்திகையை ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றும் சொன்னோம். வந்தார். 'ழ'கரம் நாவில் வராமல் வகுப்பில் வாய் திறக்கவே கூசும் தம் மகன், நிமிர்ந்து நின்று தெளிவாகத் தமிழ் பேசுவதைக் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். மறுநாள் பையன் ஒத்திகைக்கு வந்தான்.

சண்முகம் பள்ளியில் கற்றது அற்பம். நூல் எழுதும் அளவுக்குத் தமிழ் அவருக்கு மேடையில் வாய்த்தது. பாடலைப் பொருளறிந்து சொல்லவும், பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணரவும், பத்துப்பேரோடு ஒத்துழைக்கவும் நாடகம் கற்பிக்கிறது. இவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் இவையில்லாமல் கல்வி நிறைவதும் கிடையாது. ஆண்டுக்கு ஒரு நாடகத்துக்கேனும் நம் பள்ளிகள் இடம் தரட்டும். வேஷம் எதுவானாலும் பெற்றோர் முன்வரிசையில் வந்து அமரட்டும்.