வாய்வழியே ஒரு குழாய்

இரண்டு மாதங்களாக மேல்வயிற்றில் எரிவும் வலியும். குளிசைகளுக்கு அடங்கவில்லை. 'என்டோஸ்கோப்பி செய்து பார்ப்போம்' என்றார் வைத்தியர். மாத்தளை நகரில் குறித்த நாளில் போய்க் காத்திருந்தேன்.

பக்கத்து இருக்கையில் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மகளோடு வந்திருந்த ஓர் அம்மா. "ஐயா, வயித்த அறுத்தா பார்ப்பாங்க?" என்று மெல்லக் கேட்டார். அறுவை எதுவும் இல்லை என்று சொன்னதும் முகம் தெளிந்தது. ஆனால் சற்று நேரத்தில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடியற்காலையில் தேநீரும் ரொட்டியும் சாப்பிட்டிருந்தார். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்ற அறிவுறுத்தல் அவர் கையிலேயே இருந்தது, சிங்களத்தில். மகளுக்குத் தோட்டத்தில் அன்றைய 'பேர்' போயிற்று, நாட்சம்பளம் இல்லை. தாயின் நோய்க்கு இன்னொரு தவணை.

அவருக்குத் தமிழில் சொல்லப்பட்டிருக்க வேண்டியவை அதிகமில்லை. பொதுவாக ஆறு மணி நேரமாவது உணவு கூடாது; தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று கேட்டறிய வேண்டும். நீரிழிவுக்கோ இரத்தம் உறையாதிருக்கவோ மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கட்டுப்பல்லைக் கழற்ற வேண்டும்.

உள்ளே தொண்டையில் மருந்து விசிறினார்கள். கசப்பு, பிறகு மரத்துப்போனது. இடப்பக்கமாகச் சரிந்து படுத்தேன். பற்களுக்கிடையே ஒரு வளையம். சுண்டுவிரலிலும் பருமன் கூடாத குழாய் தொண்டையைக் கடக்கையில் குமட்டியது. மூச்சு முட்டவில்லை, குழாய் போவது உணவுப் பாதையில், சுவாசப் பாதையில் அல்ல. காற்றுச் செலுத்துவதால் வயிறு உப்பும், ஏப்பம் வரும், உமிழ்நீர் வழியும். அதற்கு வெட்கப்படத் தேவையில்லை. சிறு தசைத்துணுக்கு எடுத்ததை நான் உணரவேயில்லை. எல்லாம் பத்து நிமிடங்களுக்குள் முடிந்தது.

1868இல் ஜேர்மனிய வைத்தியர் குஸ்மாவுல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரிடம்தான் விறைப்பான உலோகக் குழாயைப் பரீட்சித்தாராம். வளையும் இழைக்குழாய் 1957இல் வந்தது. நமக்கு வித்தை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மரப்பு நீங்கும்வரை எதையும் அருந்தக்கூடாது, புரையேறும். மயக்க ஊசி போட்டிருந்தால் துணையோடுதான் வீடு திரும்ப வேண்டும். அன்று வாகனம் ஓட்டக்கூடாது. தொண்டை ஓரிரு நாள் நோகலாம். கடும் வயிற்றுவலி, காய்ச்சல், இரத்த வாந்தி, கறுப்பு மலம் கண்டால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அரிதாகவே நேரும், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொல்கிறது. அந்தச் சட்டம் ஒரு தோட்டத்துத் தாய்க்கு உதவ, ஒரு துண்டுத் தாளின் மறுபக்கம் போதும். மலையகத்தில் இரு மொழியும் அறிந்த இளைஞர்கள் ஏராளம். உங்கள் ஊர் வைத்தியசாலையில் அந்த மறுபக்கம் வெறுமையாக இருந்தால், எழுதித் தருகிறோம் என்று போய்க் கேளுங்கள்.