விளங்கியது என்று தலையாட்டுதல்

2009 யூலை. முள்ளிவாய்க்கால் முடிந்து இரண்டு மாதங்கள். லண்டனின் கிழக்குப் பகுதியிலுள்ள கிங் ஜோர்ஜ் வைத்தியசாலையில் ஈழத்துத் தமிழ்த் தாய் ஒருவருக்குக் குழந்தை பிறந்தது. சுகமாகத்தான் பிறந்தது. தாய்க்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். பால் குடிக்காவிட்டால் குழந்தையின் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும், மூளை பாதிக்கப்படும், உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்று அவருக்கு விளங்கும்படி எவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தை பாலில்லாமல் கிடந்து, தீராத மூளைப் பாதிப்புக்கு உள்ளானது. வைத்தியசாலை நிர்வாகமே இதற்குப் பொறுப்பு என்று 2018இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கத்தியிலோ மருந்திலோ பிழையில்லை. பிழை பேச்சில் இருந்தது.

எம்மில் எத்தனை பேர் வெள்ளை அங்கிக்கு முன்னால் ஒன்றும் விளங்காமல் தலையாட்டியிருக்கிறோம்! மரியாதைக்காக ஆட்டுகிறோம், பயத்துக்காக ஆட்டுகிறோம்.

பலெர்மோவின் ஓரத்தில், மண்டரின் தோட்டங்களுக்குப் பெயர்போன சியாகுல்லியில், எனக்கு அயலில் ஓர் அக்கா இருக்கிறார். வீடுகள் துப்பரவாக்கும் வேலை. மணிக்கட்டில் சத்திரசிகிச்சை செய்தபின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. வழக்கு என்ற சொல்லைக் கேட்டதுமே அண்ணர் கொதித்தார்.

"காசு வாங்காமல் ஒப்பரேஷன் செய்தவங்கள். அவங்களில வழக்குப் போடுறதோ? பிறகு விசாவில கை வைப்பாங்கள்."

அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அடைக்கலம் தந்த நாட்டைக் கேள்வி கேட்பது நன்றி கெட்டதனம் என்று எமக்குள் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் நன்றி ஒரு கணக்கு, உரிமை வேறொரு கணக்கு. நட்ட ஈடு கேட்டதற்காக விசாவைப் பறிக்க எந்தச் சட்டமும் இல்லை.

இத்தாலியில் 2017 மார்ச் 8ஆம் திகதிய 24ஆம் இலக்கச் சட்டம் இவ்விடயத்தை ஒழுங்குபடுத்துகிறது. வைத்தியசாலைமீது பத்து வருடங்களுக்குள்ளும், அங்கு சம்பளத்துக்கு வேலைசெய்யும் வைத்தியர்மீது ஐந்து வருடங்களுக்குள்ளும் நட்ட ஈடு கோரலாம். முதல் வேலை 'கார்த்தெல்லா கிளினிக்கா' எனப்படும் நோயாளர் கோவையைக் கேட்டு எழுதிக் கொடுப்பது. கைவசமுள்ள பத்திரங்களை ஏழு நாட்களுக்குள் அவர்கள் தரவேண்டும். அதைச் சட்ட மருத்துவர் ஒருவர் படிக்கவேண்டும். நேரே வழக்காட முடியாது. முதலில் நீதிமன்றம் நியமிக்கும் நிபுணர்களின் ஆய்வுக்கோ, அல்லது சமரசப் பேச்சுக்கோ போகவேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு அரச செலவில் சட்டத்தரணி உண்டு. சட்டபூர்வமாக வசிக்கும் வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கெட்ட விளைவெல்லாம் வைத்தியரின் குற்றமல்ல. பிழை நடந்தது, அதனால்தான் பாதிப்பு வந்தது என்ற தொடர்பை நோயாளிதான் காட்டவேண்டும். அக்காவின் கோவையைப் படித்த சட்ட மருத்துவர், சத்திரசிகிச்சையில் பெரிய பிழை தெரியவில்லை, நரம்பு பாதிக்கப்படுவது இதில் அறியப்பட்ட ஆபத்துத்தான் என்றார். அண்ணர் எழும்ப ஆயத்தமானார். மருத்துவர் அடுத்த தாளைத் திருப்பினார். அது சம்மதப் பத்திரம். முழுவதும் இத்தாலிய மொழி. கீழே அக்காவின் தமிழ்க் கையொப்பம். மொழிபெயர்ப்பாளர் இருந்ததாக ஒரு வரிகூட இல்லை. நோயாளிக்கு விளங்கும்படி சொல்லியே சம்மதம் பெறவேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் 219ஆம் இலக்கச் சட்டம். ஆனால் அதுவும் தனியே போதாது. விளங்கச் சொல்லியிருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பார் என்பதையும் காட்டவேண்டும்.

விடயம் இப்போது சமரசப் பேச்சில் இருக்கிறது. ஏதும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். "ஆபத்தைச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பீர்களா?" என்று சட்டத்தரணி கேட்டதை நான்தான் தமிழில் சொன்னேன். அக்கா அவசரப்படவில்லை. இந்தமுறை தலையாட்டவுமில்லை.

"மறுத்திருப்பனோ தெரியாது தம்பி. பிள்ளையின்ர படிப்பு முடியுமட்டும் நோவைப் பொறுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருப்பன். அதை யோசிக்க எனக்கு ஒரு நாள் தந்திருக்கலாம் எண்டு சொல்லும்."

அப்படியே சொன்னேன். சட்டத்தரணி அதை எழுதிக்கொண்டார்.