அடுக்களையில் ஒரு வரலாறு

வரலாற்றைக் கோட்டைகளிலும் கல்வெட்டுகளிலும் மட்டுமே தேடிப் பழகியவன் நான். அஃது அடுக்களையிலும் உறைந்திருக்கும் என்பதை இத்தாலி நாட்டு இனிப்பொன்று எனக்கு உணர்த்திற்று.

இத்தாலியின் தென்கோடித் தீவான சிசிலியில் கி.பி. 827-இல் முஸ்லிம்கள் கால் வைத்தனர். 831-இல் பலர்மோ நகரம் அவர்கள் வசமாயிற்று. 1072-இல் நார்மானியர் கைக்குப் போயிற்று. 13-ஆம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் பிரெடரிக், தீவில் எஞ்சியிருந்த முஸ்லிம்களை இத்தாலியப் பெருநிலத்து லூச்சேரா என்னும் ஊருக்குக் குடிபெயர்த்தார். 1300-இல் அக்குடியிருப்பும் அழிந்தது.

மக்கள் மறைந்தனர், அவர்தம் சமையல் மறையவில்லை. அரபியர் எள்ளை 'ஜுல்ஜுலான்' என்பர். சிசிலியர் இன்றும் 'ஜுஜ்ஜுலேனா' என்கின்றனர். திராப்பானி நகரத்துப் பெண்கள் கோதுமை ரவையில் நீர் தெளித்து, விரல்களால் அளைந்து சிறு மணிகளாக்கி, ஆவியில் வேகவைத்து, மீன் சாறு ஊற்றிக் 'கூஸ்கூஸ்' சமைக்கின்றனர்.

சிசிலியப் பலகாரங்கள் சிலவற்றில் பன்றிக் கொழுப்பும் மதுவும் சேர்வதுண்டு. அவை சேராத 'குப்பாய்த்தா' என்னும் எள் இனிப்பை வீட்டில் செய்து பார்க்க விழைந்தேன். அதன் பெயரும் அரபு வழி வந்ததே. தேனும் சர்க்கரையும் சேர்த்துப் பாகு காய்ச்சி, எள்ளைக் கொட்டிக் கிளறி, எண்ணெய் தடவிய பளிங்குப் பலகையில் பரப்பி, சூடு ஆறுமுன் துண்டு போடவேண்டும். கிறித்துமஸ் காலத்தில் சிசிலிய இல்லங்களில் இது மணக்கும்.

முதல்முறை பாகு முறுகிக் கசந்தது. மறுமுறை பதம் எட்டாமல் இளகி நின்றது. அப்போதுதான் என் தாயார் நினைவுக்கு வந்தார்கள். பெருநாளுக்கு எள்ளுருண்டை பிடிக்கும்போது, பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்ப்பார்கள். அவ்வாறே செய்தேன், மூன்றாம் முறை குப்பாய்த்தா கைகூடிற்று. தாயாரின் எள்ளுருண்டை மட்டும் இன்றுவரை கைகூடவில்லை. கருப்பட்டி எவ்வளவு, சுக்கு எவ்வளவு என்று அவர்கள் இருந்த காலத்தில் நான் கேட்டதே இல்லை.

வேற்றுச் சமயத்துத் தாய்மார், தம் பாட்டிமாரிடம் கேட்டுக் கேட்டு, 700 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெயரையும் ஒரு பக்குவத்தையும் காத்து வருகின்றனர். நானோ ஒரே தலைமுறைக்குள் தொலைத்துவிட்டேன். சிசிலிக்கு நம்மவர் கொடுத்ததைச் சொல்லிப் பெருமை கொள்வது எளிது. நம் வீட்டில் நாம் எதைப் பெற்று வைத்தோம் என்பதே என்னைச் சுடும் வினா.

மாணவச் செல்வங்களே! தாயார் அடுப்பின்முன் நிற்கும்போதே அருகே சென்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். அந்த வாய்ப்பை இறைவன் உங்களுக்கு நீட்டித்துத் தருவானாக!