பாப்பா பத்திரிகைக்காரி ஆகணுமாம்

நேற்று ஆபீஸ் முடிந்து அபர்தீன் பஜாரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ராமநாதபுரத்து நண்பர் பிடித்துக்கொண்டார். (ஊர் பெயரை 2024-ல் ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றிவிட்டார்கள். என் வாய்க்கு இன்னும் போர்ட் பிளேர்தான்.)

"சார், பொண்ணு சென்னைல ஏசிஜே-ல சேரணும்ங்குது. பேப்பரே யாரும் படிக்கிறதில்ல. லட்சக்கணக்குல கட்டி இதையா படிக்கணும்?"

நியாயமான கேள்வி. நானே காசு கொடுத்து பேப்பர் வாங்கி வருஷமாகிறது.

வீட்டுக்கு வந்தும் மண்டைக்குள் அதேதான். 2004 சுனாமி ஞாபகம் வந்தது. டிசம்பர் 26 காலைக்குப் பிறகு கார் நிக்கோபாரில் என்ன ஆச்சு என்று எங்கள் ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை. கூட வேலை பார்த்தவரின் தம்பி அங்கே வாத்தியார். தீவே முழுகிவிட்டது என்றார் ஒருத்தர். எல்லாரும் மேட்டில் பத்திரம் என்றார் இன்னொருத்தர். 30-ம் தேதி, மறுபடி சுனாமி வரலாம் என்று மத்திய உள்துறையே எச்சரிக்கை விட, ஜனம் அலறிக்கொண்டு ஓடியது. அலை வரவில்லை. அந்த நாட்களில் நான் ஏங்கியதெல்லாம் ஒரே ஒரு ஆளுக்குத்தான்: நேரில் போய், பார்த்து, எண்ணி, தெரிந்ததை மட்டும் சொல்கிற ஆள். (தம்பி ஐந்தாம் நாள் கப்பலில் வந்து இறங்கினார். அண்ணனுக்கு அதுவரை சோறு இறங்கவில்லை.)

அந்த ஆள் வானத்திலிருந்தா குதிப்பார்? ஏசிஜே, அதாவது ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், 1994-ல் பெங்களூரில் தொடங்கி 2000-ல் சென்னைக்கு வந்தது. ஏசியாநெட் சசிகுமார் நடத்துவது. வறுமையைப் பற்றி எழுதுவதற்கென்றே அங்கே ஒரு பாடம் உண்டு. பிள்ளைகளைக் கிராமத்துக்கு அனுப்பி அங்கிருந்து எழுத வைக்கிறார்கள். கேமரா, எடிட்டிங் எல்லாம் யூடியூபிலேயே படிச்சுக்கலாம். முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று கேட்க, கேட்டதை இன்னொருத்தரிடம் சரிபார்க்க, யாராவது பக்கத்தில் நின்று அடித்துத் திருத்தினால்தான் வரும்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்தபிறகு எங்களுக்கு நெட் பறக்கிறது. வதந்தியும்தான். இங்கே 'தி டெய்லி டெலிகிராம்ஸ்' அரசாங்கமே நடத்துகிற பேப்பர். அரசாங்கத்தை அது கேள்வி கேட்குமா? அதே 2020 ஏப்ரலில், கொரோனா தனிமைப்படுத்தல் பற்றி ட்விட்டரில் கேள்வி கேட்ட உள்ளூர் பத்திரிகையாளரைக் கைது செய்தார்கள். அதற்கெல்லாம் எந்தக் காலேஜும் குடை பிடிக்காது.

ராத்திரி பாப்பாவுக்கே போன் போட்டேன்.

"படிச்சுட்டு இங்க திரும்பி வருவியாம்மா?"

"வர ஆசைதான் அங்கிள். சம்பளம் குடுக்க அங்க யார் இருக்கா?"

என்னிடம் பதில் இல்லை. டெல்லிக்கோ மும்பைக்கோதான் போவாள். போகட்டும்.

காலையில் நண்பரிடம், "சேத்து விடுங்க சார்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சென்னைக் கப்பல் என்றைக்கு என்று கேட்டார்.