எந்தக் கால்?

நவம்பரில் வடகிழக்கிலிருந்து காற்றடிக்கும்போது, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் எங்கள் தலைக்கு மேல்தான் வரிசை கட்டும். ஓரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே, சிப்காட் கூரைகளுக்கு மேலே, மேகத்துக்குள்ளிருந்து சத்தம் மட்டும் கேட்கும். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்சுக்கு நிற்கிற நேரம். நான் அண்ணாந்து பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொள்வேன். ரன்வே 07, மூன்று டிகிரி இறக்கம், வேகம் 120 நாட் என்றால் நிமிடத்துக்கு சுமார் 600 அடி கீழே. பக்கத்தில் நிற்பவர்கள் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். விமானி உரிமமும் இருக்கிறது. அப்பா நிலம் விற்ற காசில் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து, இந்திய உரிமமாக மாற்றிக்கொண்டேன். ஏர்லைன் வேலை இன்னும் வரவில்லை.

"லைசென்ஸ் பத்து வருஷம் செல்லும்னு சொன்னியே. அப்புறம் ஏம்மா இதுக்கு மாசாமாசம் காசு?" என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

அவர் கேட்டது நியாயம்தான். வணிக விமானி உரிமத்தின் காலத்தை 2023-ல் டி.ஜி.சி.ஏ. ஐந்து ஆண்டிலிருந்து பத்தாக உயர்த்தியது. ஆனால் மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான ரேட்டிங்குக்கு ஆண்டுதோறும் தேர்வு உண்டு. காரணம் நம் காதுதான். விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், உள்காதில் இருக்கும் திரவம் சில நொடிகளில் அதற்குப் பழகிவிடும். திரும்புகிறோம் என்பதே தெரியாது. நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வதுபோல் இருக்கும். உடம்பு சொல்வதை ஒதுக்கிவிட்டு ஆறு கருவிகளை நம்ப வேண்டும். அந்தப் பழக்கம் சும்மா விட்டால் போய்விடும்.

அமெரிக்க விதி இதை மாதக்கணக்கில் எண்ணுகிறது. கடந்த ஆறு மாதத்தில் கருவி வழி அப்ரோச் ஆறு, கூடவே ஹோல்டிங். பயணியை ஏற்ற வேண்டுமென்றால் 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏறி இறங்கியதை ஒற்றை இன்ஜினுக்குத் தனியாக, இரட்டை இன்ஜினுக்குத் தனியாகக் கணக்கு வைக்கணும். அப்ரோச்சுக்கு அந்தப் பிரிவினை இல்லை. சின்ன ஒற்றை இன்ஜின் விமானத்தில் ஆறு செய்தால் இரட்டைக்கும் சேர்த்தே கணக்காகிவிடும்.

இரட்டை இன்ஜினுக்கு மணிக்கூலி என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் லீவு போட்டுப் போன நாளெல்லாம் ஒற்றையிலேயே ஓட்டினேன். லாக்புக்கில் ஆறு அப்ரோச் சேர்ந்தது. அந்தக் கணக்குப்படி இரண்டிலும் நான் 'கரண்ட்'.

எங்கள் ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் ஒருவர். ரீச் டிரக் ஆள் வராத நாளில் "நீங்களே எடுங்களேன்" என்று கேட்டால் மாட்டேன் என்பார். "அதுல பக்கவாட்டுல உக்காரணும் மேடம். கண்ணு பழகிடும், கை பழைய வண்டிய நெனச்சிக்கிட்டே இருக்கும்." அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

போன மாதம் பெங்களூரில் இரட்டை இன்ஜின் சிமுலேட்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். மேகத்துக்குள் அப்ரோச். ஊசிகள் இரண்டும் நடுவில். நன்றாகத்தான் போனது. 900 அடியில் பயிற்சியாளர் சொல்லாமல் வலது இன்ஜினை நிறுத்தினார்.

மூக்கு வலப்பக்கம் இழுத்தது. இடது காலை அழுத்த வேண்டும். செத்த இன்ஜின் பக்கத்துக் கால் சும்மா இருக்க வேண்டும். மனப்பாடமாகத் தெரியும். ஆனால் ஒற்றை இன்ஜினில் பவரை ஏற்றினால் மூக்கு இடப்பக்கம் போகும், வலது காலால் பிடிப்போம். கை பவரைத் தள்ளியதும் அத்தனை மாதப் பழக்கத்தில் வலது கால் தானாக அழுத்திவிட்டது. புரிவதற்குள் விமானம் புரண்டது. திரை சிவப்பாக நின்றது.

அவர் திட்டவில்லை. "எந்தக் கால்?" என்று மட்டும் கேட்டார்.

கண் சரியாகத்தான் பார்த்திருந்தது. கருவி படிக்கும் பழக்கம் எந்த விமானத்துக்கும் கூடவே வருகிறது. கால் அப்படி வருவதில்லை. விதியில் சேர்த்து எண்ணியதை நானும் சேர்த்தே எண்ணிவிட்டேன், மலிவாக இருந்ததால்.

ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் பஸ் இறங்கியபோது அப்பா டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லோடு நின்றிருந்தார்.

"எப்படிம்மா ஓட்டுன?"

"விழுந்துட்டேன்பா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ரூமுக்குள்ளதானே?"

"ரூமுக்குள்ளதான்."

"அப்ப சரி. அடுத்த மாசமும் போய் அங்கேயே விழு."

இப்போது ஒற்றை இன்ஜின் பறப்பைப் பாதியாகக் குறைத்து, மிச்சத்தில் பெங்களூர் போகிறேன். பஸ் ஸ்டாப்பில் கண்ணை மூடும்போது இறக்கத்தை மட்டும் எண்ணுவதில்லை. வலது இன்ஜினை நானே நிறுத்திவிட்டு, ஷூவுக்குள் இடது காலை அழுத்திப் பார்க்கிறேன்.