பனியன் ஊருக்குப் பறந்து வரும் விருந்தாளிகள்

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் அவிநாசிபாளையத்துக் குடும்பங்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். குழந்தைகளை எங்கே கூட்டிப் போவது? ஊட்டி வரை போக வேண்டியதில்லை. திருப்பூர் போய், ஊத்துக்குளி சாலையில் சர்க்கார் பெரியபாளையம் பக்கம் திரும்பினால் நஞ்சராயன் குளம்!

பல நூற்றாண்டுகளுக்கு முன் இதைச் சீரமைத்த நஞ்சராயன் என்ற மன்னரின் பெயரே குளத்துக்கு நிலைத்துவிட்டது. பரப்பளவு சுமார் 125 ஹெக்டேர். 2022-ல் தமிழகத்தின் 17-வது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம் என்று அதற்கு அர்த்தம்.

இங்கே சுமார் 190 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. நாமக்கோழி, பாம்புத்தாரா, கூழைக்கடா, நீர்க்காகம் எனப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துதான் வி.ஐ.பி. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி வருகிற இனம் இது. 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில்கூட இவை பறந்தது பதிவாகியிருக்கிறது.

அவ்வளவு தூரம் பறந்து வந்து இறங்கும் தண்ணீர் எப்படி இருக்கிறது? குளத்துக்கு நீர் தருவது நல்லாறு. மழை நீரோடு ஊரின் கழிவு நீரையும் அதுதான் சுமந்து வருகிறது. நாம் வீட்டில் கொட்டுவது வாத்தின் அலகு வரை போய்ச் சேர்கிறது.

திருப்பூரால் மாற முடியாதா? 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயத்தண்ணீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்ற நிலை வந்தது. செலவு அதிகம்தான். ஆனாலும், அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் வித்தையை இந்த ஊர் கற்றுக்கொண்டது. அதே அக்கறை வீட்டுச் சாக்கடைக்கும் வந்தால் போதும், நல்லாறு பிழைத்துக்கொள்ளும்.

போகிறவர்கள் கவனத்துக்கு... நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சீசன். விடியற்காலையிலேயே கரைக்கு வந்துவிடுங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்து வாருங்கள். இது சரணாலயம் என்பதால், வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாரம் போட்டுத் தங்கக் கூடாது. பாட்டு, பட்டாசு வேண்டாம். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டைகளைத் தவிர்த்து, மங்கலான நிறத்தில் உடுத்துங்கள். பனியன் ஊரில் அதற்கா பஞ்சம்?

கொண்டுபோகும் பிளாஸ்டிக் கவரை மட்டும் மறக்காமல் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். விருந்தாளிகள் அடுத்த வருஷமும் வர வேண்டுமே!