தேர்வு வேண்டும் என்று ஒரு பட்டினி

தேர்வைத் தள்ளி வைக்கச் சொல்லி மாணவர்கள் போராடுவது புதிதல்ல. தேர்வு நடத்தியே ஆகவேண்டும் என்று பட்டினி கிடப்பது? கொல்கத்தாவில் அதுவும் நடந்திருக்கிறது.

ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம், வங்காளம், ஒப்பிலக்கியம், வரலாறு, தத்துவம், அரசியல் அறிவியல் ஆகிய ஆறு துறைகளிலும் இளங்கலையில் சேர நுழைவுத் தேர்வு இருந்தது. 2018 ஜூலை 4ஆம் தேதி நிர்வாகக் குழு அதை ரத்து செய்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஒன்றே போதும் என்றது. கொதித்துப்போன மாணவர்கள் அரவிந்த பவனில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ஜூலை 10ஆம் தேதி குழு இறங்கி வந்தது. நுழைவுத் தேர்வுக்குப் பாதி, பள்ளி மதிப்பெண்ணுக்குப் பாதி என்று முடிவானது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அங்கே தொழிற்கல்விக்கு 1984இல் வந்த நுழைவுத் தேர்வு, பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளைகளைப் பின்தள்ளுகிறது என்ற குரல் ஓங்கி, 2007இல் விடைபெற்றது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் நியாயம் என்று ஆனது.

இரண்டு இடங்களிலும் கேட்கப்பட்டது நியாயம்தான். ஆனால் ஜாதவ்பூர் வாசலில் மாநில வாரியம், சி.பி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. என்று பல படிகளால் அளந்த நெல் வந்து குவிகிறது. ஒன்றின் தொண்ணூறும் இன்னொன்றின் தொண்ணூறும் ஒன்றாகுமா? தவிர, 1956இல் புத்ததேவ போஸ் தொடங்கிய ஒப்பிலக்கியத் துறையில் சேர, ஒரு மாணவியின் எந்தப் பாட மதிப்பெண்ணைப் பார்ப்பது? அந்தப் பாடம் பள்ளியில் கிடையாது. அவள் எப்படிப் படிக்கிறாள், எப்படி யோசிக்கிறாள் என்பதை அவளே எழுதிக் காட்டினால்தான் தெரியும்.

நுழைவுத் தேர்வும் குறையற்றதல்ல. வீடு நிறையப் புத்தகம் உள்ள பிள்ளைக்கு அது சற்று எளிது. பாதிக்குப் பாதி என்பது அதனால் வெறும் சமரசம் அல்ல. பரீட்சை நேரத்தில் காய்ச்சலில் படுத்தவளுக்கு ஒரு வழி. வருஷம் முழுக்க உழைத்தும் ஒரு நாள் தேர்வில் தடுமாறியவனுக்கு இன்னொரு வழி.

உண்ணாவிரதம் இருந்தவர்கள் ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துப் படித்துக்கொண்டிருந்தவர்கள். தேர்வு இருந்தாலும் போனாலும் அவர்களுக்கு லாப நஷ்டம் ஏதுமில்லை. தாங்கள் உள்ளே வந்த கதவு, முகம் தெரியாத தம்பி தங்கைகளுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பட்டினி.